பிப்ரவரி இருபத்திரண்டாம் தாள்

மதுரை
26 பிப்ரவரி 2025

மகேஷ்,

ஆறு தடவை போன் அடித்தேன். நீ ஒன்றையும் எடுக்கவில்லை. மறுநாள் ‘வேலையாக இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. பிப்ரவரி மாதம் காலண்டர் அச்சகத்தில் அப்படி என்ன தலைபோகிற வேலை? பொங்கலோடு சீசன் முடிந்து மிஷினெல்லாம் குறட்டை விடும் காலம் அல்லவா இது? அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். விருதுநகர் கல்லூரியில் மூன்று வருடம் உன்னோடு படித்தவள் நான். உறையைப் பிரிக்காமல் உன்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை என் பிறந்தநாள். வெள்ளிக்கிழமையே புதுப்பட்டிக்குப் போய்விட்டேன். பிறந்தநாள் காலையில் காலண்டரில் தாள் கிழிக்கப் போன அப்பா, கிழித்த பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். “செல்வி, இங்கன வா” என்றார். போய்ப் பார்த்தேன். நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் எல்லாவற்றுக்கும் கீழே ‘வரலாற்றில் இன்று’ என்று நீங்கள் ஒரு செய்தி போடுவீர்களே, அங்கே இப்படி இருந்தது:

“1978: குழந்தைகளைத் தீப்பெட்டி ஆலைக்கு ஏற்றிச் செல்ல வந்த வேனை, அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் எம். புதுப்பட்டியில் ஊர்க்காவலன் என்பவர் தனியொருவராக மறித்துத் திருப்பி அனுப்பினார்.”

என் தாத்தா, மகேஷ்! அப்பாவைப் பெற்றவர். அவர் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதிகம் பேசாத மனிதர். ஊரிலும் யாரும் அவரைப் பற்றிப் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை. “தாத்தா இதச் சொன்னதே இல்லையேப்பா” என்றேன். “அவுக எதத்தான் சொன்னாக” என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாள் விடிந்ததும் தெருவில் வீடு வீடாகப் போய், கிழித்துப் போடுவதற்குள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு வீட்டில் நகைக்கடை காலண்டர், இன்னொரு வீட்டில் உரக்கடை காலண்டர். அட்டைதான் வேறு வேறு, தாள் எல்லாம் உங்களுடையது. பதினொரு தாள் சேர்ந்தது. ஒன்றைச் சிவகாசிக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

‘ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப் போற’ என்று கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அப்பா கேட்கமாட்டார். ஆனால் என்ன படிக்கிறாய் என்றும் இதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு உட்காரவைத்து என் ஆய்வைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்தார். தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், “எழுதத்தான் வேணும்” என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா?

இப்போது காரியம். அந்தச் செய்தியை எங்கிருந்து எடுத்தாய்? எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எத்தனையாம் பக்கம்? மூன்றாம் அத்தியாயத்தில் அதைச் சேர்க்கப் போகிறேன். என் வழிகாட்டிப் பேராசிரியர், சான்று இல்லாமல் ஒரு கால்புள்ளியைக்கூட விடமாட்டார். உடனே பதில் போடு.

பாண்டிச்செல்வி


சிவகாசி
8 மார்ச் 2025

பாண்டிச்செல்விக்கு,

உறையைப் பிரிக்காமல் என்னால் இருக்க முடியாது என்று எழுதியிருந்தாய். நான்கு நாள் இருந்து பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

பிறந்தநாள் வாழ்த்து. தாமதம்தான், திட்டிக்கொள்.

எங்கள் அச்சகத்தில் அந்தச் செய்திகள் எப்படி உருவாகின்றன என்று உனக்குச் சொன்னதில்லை. முன்பெல்லாம் போன வருடத்துச் செய்தியையே தூக்கி இந்த வருடத் தாளில் வைப்பார்கள். கிழமையும் பஞ்சாங்கமும்தான் மாறும். பக்கத்து அச்சகத்திலிருந்து நாங்கள் எடுப்போம், எங்களிடமிருந்து அவர்கள் எடுப்பார்கள், யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. நான் எம்.ஏ.வைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் எங்கள் அப்பா பலவேசம் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. “ஏலே, மூணு வருசம் ஹிஸ்டரி படிச்சேல்ல? அதுக்கு உள்ள வேலை இதாம்லே. முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளுக்கும் புதுசா எழுது” என்றார். ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட வேண்டும், ஏஜெண்டுகள் அன்றைக்கே ஆர்டர் எழுத வந்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது ஐந்து வாரம். நம் வகுப்பிலேயே என் வரலாற்று அறிவு மட்டும்தான் நான்கு லட்சம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அது ஒரு பழைய பேப்பர் கட்டிங்கில் பார்த்தது. பழைய காகித லோடு ஒன்றில் வந்தது. எந்தப் பத்திரிகை என்று நினைவில்லை. கட்டிங்கையும் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன்.

அதுவரை அதை ஆய்வில் சேர்க்காதே. காலண்டரில் வந்ததைப் போய் ஆய்வேட்டில் போட்டால் உன் பேராசிரியர் சிரிப்பார். உன் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கிறது அல்லவா, அது போதாதா? உன்னிடம் வேறு எவ்வளவோ சான்று இருக்கிறது. இந்த ஒரு செய்தியை விட்டுவிடு, செல்வி.

மகேஷ்குமார்


மதுரை
7 ஏப்ரல் 2025

மகேஷ்,

நீ தேடவில்லை என்று தெரிந்ததால் நானே தேடினேன். 1978 பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கும் கிடைத்த எல்லா நாளிதழ்களையும் பதினொரு நாள் உட்கார்ந்து புரட்டினேன். தும்மல் வந்ததுதான் மிச்சம். பருத்தி விலை இருக்கிறது, சினிமா விளம்பரம் இருக்கிறது, சாத்தூர் பக்கம் கிணற்றில் விழுந்த பசுமாடுகூட இருக்கிறது. என் தாத்தா இல்லை.

பேப்பரில் வராவிட்டால் என்ன, ஊரில் பார்த்தவர்கள் இருப்பார்களே என்று நினைத்தேன். நேற்று வேலுத்தாய் அத்தையைப் பார்க்கப் போனேன். உனக்கு அவரைத் தெரியாது. எங்கள் தெருதான், அப்பா வயது. எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தவர், இன்றைக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு செய்யும் பயர் ஆபீஸுக்கு வேனில்தான் போய் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆள் கிடைப்பார். அன்றைக்கும் துணி துவைத்துக்கொண்டுதான் பேசினார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. குச்சி அடுக்கும் கட்டை எவ்வளவு கனம், ஒரு நாளைக்கு எத்தனை அடுக்குவார்கள், கை எப்படி வீங்கும் என்றெல்லாம் சொன்னார். நான் பதிவு செய்துகொண்டே வந்தேன். கடைசியில் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். பெருமையாக வாசித்துக் காட்டினேன் மகேஷ். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி, வாசித்தேன்.

அத்தை துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டார்.

“யாரு, ஊர்க்காவல மாமாவா? வேன மறிச்சாகளா?” என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னது பதிவில் அப்படியே இருக்கிறது, எழுதுகிறேன்:

“வேனுக்கு ஆளு சேத்து விடுற ஏஜெண்டே அவுகதான தாயி. கோளி கூப்புட முன்னாடி வீடு வீடா வந்து எளுப்புவாக. எந்திரிக்காத பிள்ளைய அப்பிடியே தூக்கத்தோட தூக்கியாந்து வேன்ல உக்கார வப்பாக. ஒரு நா நான் கருவக்காட்டுக்குள்ள ஓடிப் போயிட்டேன். பின்னாலயே வந்து பிடிச்சிட்டாக. உள்ளங்கால்ல முள்ளு ஏறி ஒடிஞ்சிருச்சு. எடுக்க நேரமில்ல, வேன் நிக்கிதுன்னு ஏத்தி விட்டுட்டாக. அன்னைக்குப் பூராம் முள்ளோடதான் கட்டை அடுக்குனேன்.”

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவருக்கோ என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. “ஒன்னயச் சொல்லலத்தா, நீ என்ன செய்வ” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது அவருக்கு. “காலண்டர்லகூடப் பொய் போடுவாகளா? நல்லது கெட்டதுக்கு நேரம் பாக்குறதே அதுலதான?” என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. எந்தக் கட்டிங், மகேஷ்? எந்த லோடு?

பாண்டிச்செல்வி


சிவகாசி
12 ஏப்ரல் 2025

செல்வி,

கட்டிங் கிடையாது. லோடும் கிடையாது. அது நான் எழுதியது.

இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் ஆல்பத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாற்பத்து மூன்று தேதிகள் காலியாக இருந்தன. அச்சுக்குப் பிளேட் போடும் ஆள் வந்து தலைக்கு மேல் நிற்கிறார். அப்பா, “என்னலே, இன்னுமா எளுதுற?” என்று கத்துகிறார். முதலில் ஒன்று, இரண்டு கற்பனையாகப் போட்டேன். எங்கோ ஒரு பாலம் கட்டினார்கள், எங்கோ ஒரு நாள் பேய்மழை பெய்தது, இப்படி. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? பிறகு கை பழகிவிட்டது.

பிப்ரவரி 22 காலியாக இருப்பதைக் கடைசியில்தான் பார்த்தேன். உன் பிறந்தநாள். அந்தத் தேதியில் பாலத்தையும் மழையையும் போட எனக்கு மனம் வரவில்லை. பி.ஏ.யில் நீ அந்த வேன்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாய். உன் தாத்தா பெயரும் எனக்குத் தெரியும். ஊரில் யாராவது ‘நீ யாரு’ என்று கேட்டால் ‘ஊர்க்காவலன் பேத்தி’ என்று சொல்வேன் என்று ஒரு நாள் பஸ்ஸில் சொன்னாய். இரண்டையும் சேர்த்தேன். காலையில் எழுந்து தாள் கிழிக்கும்போது நீ பார்ப்பாய், உனக்கு நான் கொடுக்கும் பரிசாக இருக்கும் என்று நினைத்தேன். உன்னைப் பிடிக்கும் என்பதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன், நான்கு லட்சம் தாளில் சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தேன். அப்போது எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஒன்று சொல்கிறேன், நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ‘அன்றைய இராமநாதபுரம் மாவட்டம்’ என்று போட்டேன் பார்த்தாயா? விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது என்று வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தது. ஆண்டு, இடம், பெயர், அப்புறம் இப்படி ஒரு சின்ன விவரம். இவ்வளவும் இருந்தால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த மூன்று வருடம்தான். பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் அதை வைத்துப் பொய் செய்யக் கற்றுக்கொண்டேன்.

உன் தாத்தா ஏஜெண்டு என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்பது ஒரு சாக்கு இல்லை என்றும் தெரிகிறது. அந்த அம்மாவிடம் நான் வந்து சொல்லட்டுமா? சொல், வருகிறேன்.

மகேஷ்


மதுரை
20 ஏப்ரல் 2025

மகேஷ்,

வராதே. எழுதவும் வேண்டாம்.

பரிசாம். யாரைக் கேட்டு எனக்குத் தாத்தாவைச் செய்து கொடுத்தாய்? உங்கள் வீட்டில் ஒரு தாத்தா இருந்திருப்பாரே, அவருக்கு ஒரு வீரச்செயல் எழுதியிருக்கலாமே? அதை எழுதினால் சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், சித்தப்பா பெரியப்பா எல்லாம் சிரிப்பார்கள். எங்கள் தாத்தா என்றால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம் உனக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எம்.ஏ. முதல் நாள் பேராசிரியர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஒரு தாளைக் கையில் எடுத்தால், இதை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும், இதில் யார் விடுபட்டிருக்கிறார் என்று கேளுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றார். இதைப் படிப்பதற்கா பல்கலைக்கழகம் என்று நாம் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து கிண்டல் செய்தோம். எனக்கு அந்தத் தாள் கைக்கு வந்தபோது நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் தாத்தாவாயிற்றே, கேட்க மனமில்லை. ஏழு வருடம் படித்தவளின் லட்சணம் அது.

அதனால் உன் மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. நேற்று மூன்றாம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தேன். வேலுத்தாய் அத்தை சொன்னதை அப்படியே எழுதினேன். முள் வந்தது, கருவக்காடு வந்தது. ஆள் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘ஓர் ஏஜெண்டு’ என்று என் கை தானாக அடித்தது. மற்ற ஊர் ஏஜெண்டுகள் ஐந்து பேருக்கும் பெயர் போட்டிருக்கிறேன். என் ஊர்க்காரருக்கு மட்டும் பெயர் இல்லை. நீ இல்லாததைச் சேர்த்தாய், நான் இருப்பதை எடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் போனபோதும் அந்தத் தாளின் மேல் படிந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்ல?

பாண்டிச்செல்வி


சிவகாசி
4 ஆகஸ்ட் 2025

செல்வி,

எழுத வேண்டாம் என்றாய். மூன்றரை மாதம் கேட்டேன். இனியும் எழுதாமல் இருந்தால் அது இன்னொரு குற்றமாகிவிடும்.

நேற்று ஆடிப்பெருக்கு. எங்கள் 2026 ஆல்பம் வெளியானது. அதில் அந்த நாற்பத்து மூன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மாற்றாகச் சான்றோடு ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டேன். இந்தத் தடவை மூன்று மாதம் ஆனது. பிப்ரவரி 22க்கு எதுவும் போடவில்லை, வெறுமனே விட்டிருக்கிறேன்.

அதற்கு முன் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, ஒரு திருத்தம் போடுவோம் என்று கேட்டேன். “ஏலே, கூறு கெட்டவனே, காலண்டர்ல எவனாச்சும் திருத்தம் போடுவானா? இது தப்புன்னு நாமளே சொன்னா, ராகு காலமும் தப்போன்னுல்ல கேப்பான்? அதுக்கப்புறம் எவன்லே வாங்குவான்?” என்றார். அம்மா குறுக்கே வந்து, “இந்த வருசத் தாளு எல்லாம் பாதி கிளிச்சுப் போட்டாச்சுல்லா, விடுய்யா” என்றார்.

ஆனால் அந்தப் பொய் கிழித்த தாளோடு போகவில்லை. நேற்றே கடைத்தெருவில் மற்ற அச்சகங்களின் ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் எங்கள் தாளைப் பார்த்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி 22, ஊர்க்காவலன், வேன். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘தியாகி ஊர்க்காவலன்’ என்று போட்டிருக்கிறார். இரண்டு இடத்துக்கும் போய், அது நான் கட்டிவிட்ட கதை, எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஒருவர் சரி என்றார். ‘தியாகி’ போட்டவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, நல்லாத்தான இருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். அவரிடம் தினமும் போவேன். அச்சுக்குப் போகும்வரை போவேன்.

இன்னொன்று. ஜூலை மாதம் புதுப்பட்டிக்கு வந்தேன். வராதே என்று நீ சொல்லியும் வந்தேன். வேலுத்தாய் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினேன். சாயங்கால வேன் வந்தது, பெண்கள் இறங்கினார்கள், கையெல்லாம் பட்டாசு மருந்து. யார் அந்த அம்மா என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்க வாய் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒருவர், “தம்பி காலண்டர் பிரஸ்ஸா? வண்டியில பேரு போட்டிருக்கே” என்றார். கல்லூரியில் ஒரு முறை தூரத்தில் பார்த்த முகம். உன் அப்பா.

கடைக்குக் கூட்டிப்போய்க் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். தாளில் செய்தி எழுதுபவன் நான், நீ படித்த கல்லூரியில்தான் படித்தேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “அந்த வரி... எங்கய்யாவப் பத்தி... அத நீக எங்கன படிச்சீக தம்பி?” என்று கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். “பழைய பேப்பர்லய்யா” என்றேன். மறுபடியும் பொய், அதுவும் உன் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். “அப்பிடியா” என்றார். போகும்போது, “வெயில்ல வந்திருக்கீக, சாப்பிட்டீகளா?” என்று விசாரித்து அனுப்பினார்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 2025 காலண்டரில் வந்த அந்தச் செய்தி முழுக்க என் கற்பனை, அதற்கு எந்தச் சான்றும் கிடையாது என்று என் கையால் எழுதி, பெயர், முகவரி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். உன் ஆய்வில் எங்கே வேண்டுமானாலும் போடு. ஐம்பது வருடம் கழித்து யாராவது அந்தக் காலண்டர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தால், இது அவர்கள் கையிலும் கிடைக்கட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கும் தகுதி வரட்டும்.

மகேஷ்குமார்


எம். புதுப்பட்டி
2 செப்டம்பர் 2025

மகேஷ்,

உன் தாள் கிடைத்தது. என் ஆய்வேட்டில் பின்னிணைப்பாக வருகிறது, உன் பெயரோடு, முகவரியோடு. உங்கள் அப்பா படித்தால் வீட்டில் பூகம்பம்தான், தயாராக இரு. ‘தியாகி’ அச்சகத்துக்குத் தினமும் போவேன் என்றாயே, போய்க்கொண்டே இரு. நானும் ஒரு நாள் வருகிறேன், பேத்தி சொன்னால் கேட்கிறாரா பார்ப்போம்.

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். உன் கையெழுத்துத் தாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படித்து முடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“இது எனக்குத் தெரியும் தாயி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “அன்னைக்குக் காலையில தாளப் பாத்தப்பவே தெரியும். எங்கய்யா என்ன பண்ணுனாகன்னு எனக்குத் தெரியாதா? நான் அந்த வீட்டுலதான கெடந்தேன்” என்றார். அப்புறம் ஏன் லேமினேட் செய்தீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “இப்பிடி நடந்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும்னு தோணிருச்சு. கிளிக்க மனசு வரல. அந்தத் தம்பி வந்தப்பக்கூட, எங்கயாச்சும் ஒரு பேப்பர்ல நெசமாவே இருந்துறாதான்னுதான் கேட்டேன்” என்றார். சுவரிலிருந்து அதை அவரே இறக்கினார். மற்ற பத்துத் தாள்களையும் எடுத்து வந்து, “படிப்புக்கு வேணும்னா வச்சுக்கோ” என்று என்னிடம் கொடுத்தார்.

“வேலுத்தாயிட்ட இத வாசிச்சுக் காட்டுனியாமே” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, “நாளைக்கு லீவுதான, போவோம் வா” என்றார். நாளைக்குப் போவதற்கு அன்றைக்கே ஏன் சட்டை போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். “உள்ள வாங்க மச்சான், புதுசா வாரீக” என்று அத்தை கூப்பிட்டும் ஏறவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காலண்டரில் வந்தது பொய், எழுதியவன் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறான், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்றேன். “அவன் கெடக்கான் சின்னப்பய” என்றார். அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நான் என் குற்றத்தைச் சொன்னேன். “அத்தை, நீங்க சொன்னத எழுதுனேன். தாத்தா பேர மட்டும் எழுதாம விட்டுட்டேன். இனிமே எழுதப் போறேன். ஏஜெண்டு ஊர்க்காவலன், இதை எழுதுறவளோட தாத்தான்னு போடப் போறேன்” என்றேன். அவர் தலையாட்டினார். “மாமா பேரு மட்டும் போட்டா எப்பிடி? வேன்ல இருந்த எங்க பேரையும் போடு” என்றார். நோட்டைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இடம் வாரியாகச் சொல்ல ஆரம்பித்தார். கதவோரம் அய்யம்மாள். அவள் மடியில் தங்கச்சி சோலையம்மாள், ஐந்து வயது, பாதி நாள் உறங்கிக்கொண்டே போவாள். நடுவில் இவர். இப்படிப் பதினான்கு பேர், வயதோடு. எனக்கு அதில் ஒன்பது பெயர்கள் தெரியாது. எந்த ஆவணத்திலும் கிடையாது. நாற்பத்தேழு வருடமாக அவர் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது.

பதினான்காவது பெயரை எழுதி முடித்தபோது வெளியே இருந்து அப்பா பேசினார்.

“இன்னொரு பேரும் எளுதிக்க செல்வி. ஊர்க்காவலன் மகன் பாண்டி. வயசு எட்டு. அவன் வேன்ல ஏறல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “ஏஜெண்டு மகன்னு என்னைய மட்டும் எளுப்ப மாட்டாக. அம்புட்டுப் பிள்ளையையும் ஏத்திவிட்டுட்டு வந்து, நீ பள்ளிக்கூடம் போடான்னுவாக. அதனாலதான் நான் பத்து வரைக்கும் படிச்சேன். படிச்சதுனாலதான் பயர் ஆபீஸுல போர்மேனு. போர்மேன் மகள்ங்கிறதாலதான் நீ மதுரையில படிக்க. எளுது” என்றார். என் ஹாஸ்டல் அறை, என் புத்தகம், நான் எழுதும் இந்த ஆய்வு எல்லாமே அந்தப் பதினான்கு பேர் ஏறிய வேனால் வந்தது என்பதை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை மகேஷ். நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த ஒரு பெயர் என் கண்ணில் படவே இல்லை.

“அத எதுக்கு எளுதச் சொல்றீக மச்சான்” என்று அத்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. அப்பா நின்ற பக்கம் திரும்பாமல், என் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஆமா தாயி, அதையும் எளுதிக்கோ. சாயங்காலம் வேன் திரும்புறப்ப உங்கப்பா வாசல்ல உக்காந்து சத்தம் போட்டுப் பாடம் படிச்சுக்கிட்டு இருப்பாக. அது கேக்கும் எங்களுக்கு. நாங்க அதக் கேட்டுக்கிட்டேதான் எறங்குவோம்.”

எழுதிக்கொண்டேன். அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாண்டிச்செல்வி